டெலவேர் ஆற்றில் ஜூன் மாதம்: ட்ரவுட் தூண்டில் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

நியூஜெர்சியில் என்னோடு பழகும் தமிழ் நண்பர்கள் பலருக்கு, நான் மே கடைசியிலிருந்து ஜூன் முடியும் வரை வார இறுதிகளில் எங்கே காணாமல் போகிறேன் என்று தெரியும். நியூயார்க் மாநிலத்தில் ஹான்காக் என்ற சிற்றூர் இருக்கிறது. டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளையும் கிழக்குக் கிளையும் சேரும் இடம் அது. குளிர்ந்த தண்ணீரில் வாழும் ட்ரவுட் என்ற மீனை ஃபிளை ஃபிஷிங் முறையில் தூண்டில் போட்டுப் பிடிக்க, பதினொரு கோடைகளாக அங்கே போய் வருகிறேன். கூட வந்தவர்களும் வர நினைப்பவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஃபிளை ஃபிஷிங் நம் ஊர்த் தூண்டிலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நம் தூண்டிலில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி வீசுவோம். குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பிறகு தக்கை அமுங்கும் வரை காத்திருப்போம்.

இங்கே முள்ளில் இருப்பது இறகும் முடியும் நூலும் சுற்றிய ஒரு பொய்ப்பூச்சி. அதைத்தான் ஃபிளை என்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது, கையால் எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் கனத்தை லைனுக்குள் வைத்துவிட்டார்கள். தடித்த, வழவழப்பான அந்த லைனைக் கம்பால் முன்னும் பின்னும் ஆட்டி, சாட்டைபோல் விரியவிட்டால், அதன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பும் ஃபிளையும் கடைசியாக, மெதுவாகத் தண்ணீரில் இறங்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. மண்புழுவுக்கு வாசனை உண்டு, மீன் தேடிக்கொண்டு வரும். ஃபிளைக்கு ஒன்றும் கிடையாது. மீன் இந்த நிமிடம் எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டு அதையே காட்டினால்தான் வாய் திறக்கும். ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதுதான்.

ஏன் டெலவேர்? ஏன் ஜூன்?

நியூயார்க் நகரிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நியூஜெர்சியின் எடிசன் பக்கமிருந்து கிளம்பினால் மூன்று மணி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பக்கத்தில், தொட்டியில் வளர்த்து விடாத, ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ட்ரவுட் இருக்கும் பெரிய ஆறு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அபூர்வம். பதினாறு, பதினெட்டு அங்குல பிரவுன் ட்ரவுட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் இங்கே சாதாரணம்.

ஜூன் என்பதற்குக் காரணம் பூச்சி. ஏப்ரலிலும் பூச்சி உண்டு. ஆனால் விரல் விறைக்கும், தண்ணீரும் பெருகி ஓடும். ஜூலை வந்தால் கீழ்ப்பகுதி சூடாகிவிடும். மே கடைசி வாரம் முதல் ஜூன் கடைசி வரை வெள்ளம் வடிந்திருக்கும், தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும், நாள் நீளமாக இருக்கும். ஒரே மாலையில் நான்கைந்து வகைப் பூச்சி கிளம்புவதும் இந்த நாட்களில்தான்.

வெயில் காலத்தில் இந்த ஆறு எப்படி இவ்வளவு குளிராக இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் இந்த ஆற்றையே பாதி புரிந்துகொண்ட மாதிரி.

மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில் அணை இருக்கிறது, கட்டி முடித்தது 1964-ல். கிழக்குக் கிளையில் பெபாக்டன், 1950களின் நடுவில் வந்தது. இரண்டுமே நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்டவை. கேனன்ஸ்வில், பியர்ஸ்டன், ராக் ரிஃப்ட் போன்ற ஊர்களைக் காலி செய்துதான் அணையை நிரப்பினார்கள். அணைக்கு அந்த ஊரின் பெயரை வைத்தார்கள், ஊர் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அணைக்குக் கீழே தூண்டிலோடு நிற்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டு நிற்பது நல்லது என்று நினைக்கிறேன்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடை வெயில் மேல்மட்டத்தை மட்டுமே சூடாக்கும். அடியில் கிடப்பது குளிர்காலத்துத் தண்ணீர். மதகு அடியிலிருந்து திறப்பதால் வெளியே வருவது அந்தக் குளிர்ந்த தண்ணீர். ஜூன் மாதம் அணைக்குக் கீழே ஸ்டைல்ஸ்வில்லில் வெப்பமானி 8, 9 டிகிரி செல்சியஸ் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கரையில் வெயில் 30 டிகிரி.

எவ்வளவு தண்ணீர் திறக்கவேண்டும் என்பது பழைய வழக்கு. 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நியூயார்க் நகரம் நாளொன்றுக்கு 80 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கீழே நியூஜெர்சியின் மாண்டேக் என்ற இடத்தில் ஆறு விநாடிக்கு 1,750 கன அடி ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காவிரிக்குப் பிலிகுண்டுலு எப்படியோ, டெலவேருக்கு மாண்டேக் அப்படி. இதில் மீனுக்கு ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. கோடையில் மழை குறைந்து மாண்டேக்கில் ஓட்டம் இறங்கும்போதுதான் மேலே மதகை அதிகம் திறப்பார்கள். அதாவது வறட்சி கூடும்போது மேலே குளிர்ந்த தண்ணீர் கூடுதலாக ஓடும். ஆனால் இந்தத் திறப்பு மீனை நினைத்துச் செய்ததல்ல. ஆரம்ப காலத்தில் ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் ஓடையாகவும் விட்டார்கள். 1970களில் மீன்பிடிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து போராடிய பிறகுதான் ஆற்றுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவு ஒதுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நாம் பிடித்து விடும் ஒவ்வொரு மீனும் அந்தப் போராட்டத்தால் கிடைத்தது.

எந்தப் பூச்சி எப்போது வரும்?

முதலில் மேஃபிளை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது நம் ஊர் ஈசல் இல்லை. ஆனால் முதல் மழைக்குப் பிறகு ஈசல் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கப்பட்டதாகவே தோன்றும். பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ ஒரு வருடம் ஆற்றின் அடியில் கல்லுக்குக் கீழே புழுப் பருவத்தில் இருக்கும். ஒரு நாள் நீந்தி மேலே வந்து, தண்ணீரின் தோலைக் கிழித்துக்கொண்டு, அங்கேயே சட்டை உரித்து, இறக்கை உலரும் வரை சின்னப் பாய்மரப் படகுபோல் மிதந்து போகும். ட்ரவுட் காத்திருப்பது அந்தச் சில விநாடிகளுக்காகத்தான்.

தப்பித்த பூச்சி மரத்தில் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை சட்டை உரிக்கும். இறக்கை முளைத்த பிறகும் சட்டை உரிக்கும் பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். இப்போது உடல் மெலிந்து, இறக்கை கண்ணாடிபோல் ஆகிவிடும். இந்தப் பருவத்துக்கு ஸ்பின்னர் என்று பெயர். இதற்கு வேலை செய்யும் வாய்கூட இல்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, தண்ணீரில் இறக்கை விரித்துச் செத்து விழும். ஆக ஒரே பூச்சியை மீன் மூன்று விதமாகத் தின்கிறது: மேலே நீந்தி வரும்போது, மிதக்கும்போது, செத்து விழுந்த பிறகு.

சரி, டெலவேரின் நாட்காட்டிக்கு வருவோம்.

மே மூன்றாம் வாரத்தில் மார்ச் பிரவுன் வரும். பெயரில் மார்ச் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது இங்கிலாந்திலிருந்து வந்த பெயர். பழுப்பு நிறம், பெரிய பூச்சி, நாள் முழுக்க ஒன்றிரண்டாகக் கிளம்பும்.

மே கடைசியிலிருந்து ஜூன் முதல் பாதிக்குள் கிரீன் டிரேக். இதற்காக லீவு போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஒரு அங்குலத்துக்கு நெருங்கிய பூச்சி, மென்மையான மஞ்சள்பச்சை. வண்டலில் வளை தோண்டி வளர்வதால் மடுக்களில்தான் அதிகம். வருடம் முழுக்க அடியிலேயே கிடக்கும் பெரிய கிழட்டு மீன்களும் இதற்காக மேலே வரும். இதன் ஸ்பின்னருக்கு உடல் சுண்ணாம்பு வெள்ளை, சவப்பெட்டி என்ற பொருளில் காஃபின் ஃபிளை என்று பெயர். ஆனால் கிரீன் டிரேக்கை நம்பித் தேதி குறிக்காதீர்கள். இன்று வானம் மறைக்கும்படி வரும், நாளை ஒன்றுகூட இருக்காது.

நான் நம்புவது சல்ஃபரை. கந்தக மஞ்சளில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பூச்சி. மே கடைசியில் ஆரம்பித்து, தண்ணீர் குளிர்ந்திருக்கும் மேற்குக் கிளையில் ஜூலை வரை போகும். மற்ற ஆறுகளில் இருட்டும் நேரத்தில் வரும் சல்ஃபர், இங்கே குளிரினால் பட்டப்பகலில், மதியம் இரண்டு மூன்று மணிக்கே கிளம்பும். தினமும் ஏறத்தாழ ஒரே நேரம்.

ஜூனில் ஐசோனிக்கியாவும் சேர்ந்துகொள்ளும். கருஞ்சிவப்பு, வேகமாக நீந்தும் பூச்சி, கரைக்கு வந்து கல்லில் ஏறிச் சட்டை உரிக்கும். கரைப் பாறைகளில் முதுகு பிளந்த காலிச் சட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மேகமூட்டமான காலை என்றால் புளூவிங் ஆலிவ் வரும், சாம்பல் இறக்கையும் ஆலிவ் பச்சை உடலுமாக.

இத்தனையில் எந்த ஃபிளையைக் கட்டுவது?

ஆற்றைப் பார்த்ததும் ஃபிளையைக் கட்டாதீர்கள். கரையில் உட்காருங்கள். இருபது நிமிடம்.

முதலில் தண்ணீரில் என்ன மிதக்கிறது என்று பாருங்கள். பிறகு மீன் எப்படி எடுக்கிறது என்று பாருங்கள். மூக்கு வெளியே தெரிந்து, எடுத்த இடத்தில் ஒரு நீர்க்குமிழி மிச்சமிருந்தால் மேலே மிதப்பதை எடுத்திருக்கிறது. முதுகும் வாலும் மட்டும் புரண்டு, குமிழி இல்லையென்றால் மேற்பரப்புக்கு ஒரு விரல் கீழே, மேலே வந்துகொண்டிருக்கும் பூச்சியை எடுக்கிறது. தெறித்துக்கொண்டு எடுத்தால் பறக்கத் தயாரான பூச்சியைத் துரத்துகிறது. சத்தமே இல்லாமல், மழைத்துளி விழுந்த அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் என்றால் அது செத்த ஸ்பின்னர். ஓடிப்போகாத இரைக்கு மீன் அவசரப்படாது. பெரிய மீனுக்கும் பெரும்பாலும் அந்தச் சின்ன வட்டம்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஜூன் மாலையில், மேற்குக் கிளையில் பால்ஸ் எடி என்ற இடத்துக்குப் பக்கத்தில். கரையோரமாக ஒரு பிரவுன் ட்ரவுட் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தது. காற்று முழுக்க மஞ்சள் சல்ஃபர். நானும் மஞ்சள் ஃபிளையைக் கட்டி ஒரு மணி நேரம் போட்டேன். என் ஃபிளைக்கு ஒரு சாண் இடப்பக்கம் எடுக்கும், வலப்பக்கம் எடுக்கும், என்னுடையதை மட்டும் தொடாது. கடைசியில் குனிந்து, கன்னம் தண்ணீரில் படும் அளவுக்கு முகத்தை வைத்துப் பார்த்தேன். துருப்பிடித்த நிறத்தில், இறக்கையைச் சிலுவைபோல் விரித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஸ்பின்னர்கள் தட்டையாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. நின்று பார்க்கும் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை. ரஸ்டி ஸ்பின்னர் ஒன்றைக் கட்டினேன். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது.

பெட்டியில் என்ன வைத்துக்கொள்வது என்று கேட்டால்: சல்ஃபர் 16, 18 அளவில்; ஐசோனிக்கியா 12; கிரீன் டிரேக் 10; ஆலிவ் 18; ரஸ்டி ஸ்பின்னர் 14 முதல் 18 வரை. எண் கூடக்கூட முள் சிறிதாகும். வடிவத்தில் காம்பராடன் எனக்குப் பிடித்தது. மான் முடியை விசிறிபோல் நிறுத்தி, தண்ணீரோடு தண்ணீராகப் படுக்கும்படி கட்டியது. 1970களில் அல் காச்சி, பாப் நாஸ்டாசி என்ற இரு ஃபிளை கட்டுபவர்கள் பிரபலமாக்கியது. டெலவேரின் அமைதியான தண்ணீரில் மீன் நிதானமாக உற்றுப் பார்க்கும். புசுபுசுவென்று உயர்ந்து நிற்கும் ஃபிளையைவிட, தாழ்ந்து கிடக்கும் இதை நம்பி எடுக்கிறது.

சரியான ஃபிளைதான், மீனுக்கு மேலேதான் விழுகிறது. ஏன் எடுப்பதில்லை?

இழுப்பு. பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம்.

ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே நாலைந்து ஓட்டங்கள் இருக்கும். நடு ஓட்டம் உங்கள் லைனை வேகமாகக் கீழே இழுத்துப்போகும். கரையோரம் மெதுவாகப் போகவேண்டிய ஃபிளை அதோடு சேர்ந்து கோடு போட்டுக்கொண்டு ஓடும். உண்மையான பூச்சி ஒருநாளும் அப்படி ஓடாது. இரண்டு அங்குல இழுப்பைக்கூட மீன் கண்டுபிடித்துவிடும், நம் கண்ணுக்கு அது தெரியாது.

இதற்கு டெலவேரில் எல்லோரும் செய்வது, மீனுக்கு மேல்பக்கம் போய் நின்று கீழ்நோக்கிப் போடுவது. பிற ஆறுகளில் பின்னாலிருந்து, கீழே நின்று மேல்நோக்கிப் போடச் சொல்வார்கள். இங்கே அப்படிப் போட்டால் லைன் மீனின் தலைக்கு மேல் விழும், அது போய்விடும். மேலே சற்றுச் சாய்வாக நின்று, மீனுக்கு மூன்றடி முன்னால் ஃபிளை விழும்படி போட்டு, லைன் காற்றில் இருக்கும்போதே கம்பை மேல்பக்கம் சாய்த்துவிடுங்கள். லைன் வளைந்து விழும், அந்த வளைவு நிமிரும் வரை ஃபிளை சுதந்திரமாகப் போகும். கையில் கூடுதல் லைனை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருங்கள். மீன் முதலில் பார்ப்பது ஃபிளையைத்தான், நரம்பை அல்ல.

எடுக்காவிட்டால் அவசரமாகப் பிடுங்காதீர்கள். ஃபிளை மீனைத் தாண்டி ஒரு கஜம் போகட்டும், பிறகு பக்கவாட்டில் இழுத்து மெதுவாக எடுங்கள். எடுத்துவிட்டால் அப்போதும் அவசரம் வேண்டாம். பெரிய மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பும் வரை ஒரு மூச்சு பொறுத்துத்தான் கம்பைத் தூக்க வேண்டும். எனக்கு இது பழக மூன்று வருடம் ஆனது.

எவ்வளவு தூரம் வீசத் தெரிய வேண்டும்?

முப்பது நாற்பது அடி, சுத்தமாக. அது போதும். எண்பது அடி வீசுபவரைப் பார்த்து ஏங்க வேண்டாம். நாலடி நடந்து கிட்டே போவது நாற்பது அடி கூடுதலாக வீசுவதைவிட நல்ல பலன் தரும். ஆனால் மிக மெதுவாக நடக்க வேண்டும். உங்கள் முழங்காலிலிருந்து கிளம்பும் அலை மீனைத் தொட்டாலே எடுப்பதை நிறுத்திவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒன்பது அடிக் கம்பு, 5-ஆம் எண் எடை (எந்தக் கனத்து லைனுக்கானது என்பதைச் சொல்லும் எண்), அதற்கேற்ற மிதக்கும் லைன், ஒரு ரீல். ஆரம்பிப்பவர்களுக்கென்று மூன்றையும் சேர்த்து விற்கும் செட் வாங்கினால் போதும். லைன் நுனியில் 12 அடி நரம்பு, அதன் கடைசி 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள், இல்லாவிட்டால் உராய்வில் சூடாகிப் பலம் போய்விடும்.

காசைச் சேமிக்க வேண்டிய இடம் கம்பு. சேமிக்கக் கூடாத இடம் கால். மார்பு வரை வரும் நீர்புகா உடுப்பு, பிடிமானமுள்ள பூட்ஸ், ஊன்றுகோல், இடுப்பில் இறுக்கமான பெல்ட். பெல்ட்டை விடவே கூடாது. இரண்டாம் வருடம் பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கி நெஞ்சளவு தண்ணீரில் விழுந்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்ததால் உடுப்புக்குள் கொஞ்சம்தான் தண்ணீர் போனது, எழுந்து கரைக்கு வர முடிந்தது. 10 டிகிரித் தண்ணீரில் கை கால் சொன்னபடி கேட்பது கொஞ்ச நேரம்தான். போலரைஸ்டு கண்ணாடியும் வேண்டும், வெப்பமானியும் வேண்டும்.

தண்ணீர் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆற்றோரம் அளவுமானிகள் வைத்து அவற்றின் அளவை இணையத்தில் உடனுக்குடன் தருகிறது. மேற்குக் கிளைக்கு ஹேல் எடி, கிழக்குக் கிளைக்கு ஹார்வர்ட், இரண்டும் சேர்ந்த பெரிய ஆற்றுக்கு லார்ட்வில். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ஹேல் எடியில் விநாடிக்கு 400 முதல் 600 கன அடி என்றால் இறங்கி நிற்க வசதி. 1,000 தாண்டினால் புதியவர்கள் கரையோரத்தோடு நின்றுகொள்ளுங்கள். 1,500-க்கு மேல் படகுதான். இரவோடு இரவாக மதகைக் கூட்டுவதும் உண்டு, நேற்று நடந்த இடத்தில் இன்று நடக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் எடி, எடி என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். எடி என்றால் ஆற்றுச் சுழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளின் மரத்தை வெட்டித் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு பிலடெல்பியா வரை ஓட்டிப்போனார்கள். இரவில் தெப்பம் ஒதுங்கிய அமைதியான சுழிகள்தான் பிறகு ஊர்களாயின. இன்றைக்கு மீன் ஒதுங்குவதும் அதே சுழிகளில்தான்.

எங்கே இறங்கலாம்? லைசென்ஸ் வேண்டுமா?

பதினாறு வயதானால் லைசென்ஸ் கட்டாயம். மேற்குக் கிளையின் கடைசிச் சில மைல்களும், ஹான்காக்குக்குக் கீழே பெரிய ஆறும் நியூயார்க்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லை. அங்கே இரண்டில் எந்த மாநிலத்து லைசென்ஸும் செல்லும். அந்த எல்லைப் பகுதிக்கு மேலே, கிளைகளுக்குள் போனால் நியூயார்க் லைசென்ஸ்தான். அளவு, எண்ணிக்கை விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும். டெபாசிட் என்ற ஊருக்குக் கீழே ஒரு பகுதியில் எந்த ட்ரவுட்டையும் எடுத்துப்போகக் கூடாது. அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கரை நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நியூயார்க் மாநிலம் சில இடங்களில் நிலக்காரர்களிடமிருந்து மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் வாங்கி மஞ்சள் பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகை இருக்கும் வழியாகவே போங்கள். ஆளில்லாத வயல்தானே என்று குறுக்கே நடக்காதீர்கள். ஒருவர் அப்படி நடப்பதால் எல்லோருக்கும் வழி அடைபட்டுப்போன இடங்கள் உண்டு.

தண்ணீர் எவ்வளவு சூடானால் நிறுத்த வேண்டும்?

20 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 68. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது 20 டிகிரியில் 9-க்கு இறங்கிவிடும். அதே சமயம் சூட்டில் மீனின் உடலுக்குத் தேவை கூடும். இந்த நிலைமையில் தூண்டிலில் போராடிய மீன் நீந்திப் போவதைப் பார்த்து நாம் திருப்திப்படுவோம், அது கொஞ்ச நேரத்தில் எங்கேயோ அடியில் செத்துக் கிடக்கும். ஜூன் மத்தியிலேயே லார்ட்வில்லுக்குக் கீழே மாலை வெப்பம் 20-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. வெப்பமானியை நிழலான இடத்தில் ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். தாண்டிவிட்டதா, காரை எடுத்துக்கொண்டு அணைப்பக்கம் போங்கள். அல்லது அதிகாலையில் வாருங்கள். மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேனே என்பது மீனுக்குத் தெரியாது.

பிடித்த மீனை எப்படி விடுவது?

முள்ளின் நுனியில் திருப்பிக்கொண்டு நிற்கும் நாக்கை முதலிலேயே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். சீக்கிரம் கரைசேருங்கள், விளையாட்டுக் காட்டாதீர்கள். ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். கையை நனைக்காமல் தொட்டால் மேல் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும். செவுளில் விரல் படவே கூடாது. படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மூன்று விநாடி தூக்கி, திரும்பத் தண்ணீரில் வையுங்கள். ஓட்டத்தை நோக்கித் தலையை வைத்துப் பிடித்திருந்தால் போதும், தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போகும்.

தின்பதற்கும் இல்லை, விடுவதற்காகப் பிடிப்பது பாவமில்லையா?

என் அம்மா கேட்ட கேள்வி இது. தப்பிக்கும் பதில் எதுவும் நான் சொல்லவில்லை. முள் குத்துகிறது, மீன் பயந்து போராடுகிறது. அது உண்மை. அதனால்தான் சூடான தண்ணீரில் போவதில்லை, நாக்கு நசுக்காத முள்ளைக் கட்டுவதில்லை, ஒரு நாளைக்கு மூன்று மீனோடு கம்பை மடித்து வைத்துவிட்டு மிச்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கேட்டு வாதாடியவர்கள் இதில் தூண்டில் போட்டவர்கள்தான் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேள்வி இன்றும் என்னோடு ஆற்றுக்கு வருகிறது.

ஒன்றையாவது வறுத்துச் சாப்பிடக் கூடாதா?

விதி அனுமதிக்கும் இடங்கள் உண்டு. நான் எடுப்பதில்லை. பதினெட்டு அங்குலப் பிரவுன் ட்ரவுட் அந்த அளவுக்கு வர நாலைந்து வருடம் ஆகியிருக்கும். வறுவலுக்கு ஐடஹோவில் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் கடையில் கிடைக்கிறது. மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் எலுமிச்சை தடவித் தோசைக்கல்லில் போட்டால் நன்றாகவே இருக்கும்.

இவை இந்த ஆற்றின் சொந்த மீன்களா?

இல்லை. பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் ஜெர்மனியிலிருந்து 1883-ல் நியூயார்க்குக்கு வந்தன. ரெயின்போ கலிபோர்னியாவிலிருந்து வந்தது. ரயிலில் ரெயின்போ குஞ்சுகளைக் கொண்டுபோன டான் காஹில் என்ற ரயில் ஊழியர், வண்டி வழியில் நின்றுபோனதும் மீன்கள் சாகாமல் இருக்கக் காலிக்கூன் ஓடையில் கொட்டினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். இந்த மலையின் சொந்த மீன் புரூக் ட்ரவுட். இன்றும் பக்கத்துச் சிற்றோடைகளில், விரல் நீளத்தில், வயிற்றுத் துடுப்பில் வெள்ளைக் கரையோடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ட்ரவுட் உண்டா?

நீலகிரியில் உண்டு. பிரிட்டிஷார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்று தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ரெயின்போவை நிலைநிறுத்தினார்கள்.

பூச்சிக்கடி, பாம்பு?

பயப்பட வேண்டியது உண்ணிக்கு. கசகசா அளவில் இருக்கும் மான் உண்ணிக் குஞ்சுகள் ஜூனில்தான் அதிகம், லைம் நோயைப் பரப்பும். உயரமான புல்லில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். வட்டமாகச் சிவந்து படர்ந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும். என்ன செய்வது?

ஜூன் இரண்டாம் வாரம், மேகமூட்டமான நாளாகப் பார்த்து மேற்குக் கிளைக்கு வாருங்கள். நாலு மணிக்குள் வந்துவிடுங்கள். வெப்பமானியை முக்குங்கள். ஆறு கல்லில் சலசலத்து ஓடும் பகுதி முடிந்து மடு ஆரம்பிக்கும் இடமாகப் பார்த்துக் கரையில் உட்காருங்கள். சல்ஃபர் வந்தால் இரண்டு மூன்று மணி நேரம் வேலை இருக்கும். வராவிட்டால் கையில் இருப்பதைச் சாப்பிடுங்கள், நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன்.

எட்டு மணிக்கு வெளிச்சம் சாயும். குளிர்ந்த தண்ணீரின் மேல் சூடான காற்று பட்டு, ஆற்றின்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் படர ஆரம்பிக்கும். அண்ணாந்து பாருங்கள். மரநுனி உயரத்தில் ஸ்பின்னர்கள் கூட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவை தாழ்ந்து வரும் வரை எதுவும் செய்யாதீர்கள். எட்டரைக்கு மேல் கரையோரத்தில் சின்ன வட்டங்கள் தெரியும். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை எடுக்கிறது என்று எண்ணுங்கள். எட்டு விநாடி என்றால் ஏழாவது விநாடியில் ஃபிளை அதன் மூக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். ஃபிளை கண்ணுக்குத் தெரியாது. அது இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் விழுந்தால் மெதுவாகக் கம்பைத் தூக்குங்கள்.

இருட்டிய பிறகும் அவை எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், நாக்கைச் சப்புக்கொட்டுவது போல. தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, வந்த வழியே கரையேறுங்கள். நெடுஞ்சாலை 17-ல் மான்கள் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள்.